பழைய அம்பாசடருக்குப் புது இன்ஜினா?

1,489 சிசி இன்ஜின் மேட்டில் மூச்சு வாங்குகிறது என்று, 1,817 சிசி இசுசு இன்ஜினும் 5 கியர் பெட்டியும் மாற்ற நினைப்பவர்களுக்கு:

1. முதல் வேலையாக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி வாங்குங்கள். ஆர்.சி.யில் இன்ஜின் எண் மாறாவிட்டால், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுப் போகலாம்.

2. இன்ஜின், கியர் பெட்டி, கிளட்ச், வயரிங், மவுண்டிங் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக எடுங்கள். உதிரியாகச் சேர்த்தால் ஒரு சின்ன பிராக்கெட்டுக்காக வாரக்கணக்கில் அலைய வேண்டும்.

3. மவுண்டிங்கை வெல்டிங் வைக்கும் முன், ஏர் கிளீனர் மேல் களிமண் உருண்டை ஒன்றை வைத்து, பானட்டை மெல்ல மூடித் திறங்கள். நசுங்கிய மண்ணின் தடிமன் 2 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் இன்ஜினை இன்னும் இறக்குங்கள். ஓடும்போது இன்ஜின் ஆடும், தகரத்தில் இடிக்கும்.

4. பிராப்பலர் ஷாஃப்டுக்கு அளவெடுக்கும்போது நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் பின் ஆக்சில் தொங்கி அளவு தப்பும். வெட்டி ஒட்டிய ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்காமல் மாட்டாதீர்கள். வேகத்தில் வண்டியே அதிரும்.

5. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பூஸ்டரும் போட்டே ஆக வேண்டும். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் வேண்டாம். கூடிய வேகத்தைப் பழைய டிரம் தாங்காது.

6. பெரிய ரேடியேட்டர் மாட்டுங்கள். சூடு அதிகம்.

7. கழற்றிய பழைய இன்ஜினையும் ஸ்டீயரிங் கியர் லீவரையும் எடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் தடவி, சாக்கு சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். பழைய கார் பிரியர்கள் தேடுவது அவற்றைத்தான்.