தறிக்கூடமும் புறஊதா விளக்கும்

காற்றிலே பரவும் நோய்க்கிருமிகளை ஒழிக்கும் புறஊதா விளக்கைத் தறிக்கூடங்களில் பொருத்தலாமா என்று ஏனாத்தூர் அன்பர்கள் வினவுகின்றனர். பஞ்சாயத்துப் பணத்தைச் செலவிடுமுன் அவ்விளக்கின் தன்மையை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

காசநோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் உலர்ந்து, மூடிய அறையில் மணிக்கணக்காக மிதக்கின்றன. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர், அவற்றிலுள்ள கிருமிகளைப் பெருக இயலாதபடி செய்துவிடுகிறது. வெயிலில் இக்கதிர் தரையை எட்டுவதில்லையாதலால், பாதரச ஆவி விளக்கினால் உண்டாக்குகின்றனர். பெரு நாட்டின் லீமா நகர மருத்துவமனையொன்றில், நோயாளிகள் இருந்த அறைகளின் காற்றைக் கினிப் பன்றிகள் சுவாசிக்கும்படி செய்து சோதித்தனர். 2009இல் வெளியான முடிவின்படி, விளக்கில்லாதபோது அவற்றில் 100க்கு 35 வீதம் தொற்று கண்டது. விளக்கும் காற்றைக் கலக்கும் விசிறியும் இயங்கியபோது சுமார் 10 வீதமே கண்டது.

பலன் உண்மையே. எனினும் இக்கதிர் கண்ணுக்கும் தோலுக்கும் கேடு செய்வது. ஆகையால் விளக்கைத் தலைக்கு மேல், 7 அடிக்கும் உயரத்தில், கதிர் கீழே இறங்காதவாறு பொருத்துதல் வேண்டும். தாழ்ந்த ஓட்டு வீடுகளில் இதற்கு இடமேது? நீலமாக எரியும் விளக்கெல்லாம் இவ்வகையைச் சேர்ந்ததென்று நம்பி வாங்குதலும் கூடாது. பட்டுக்கும் புறஊதாக் கதிர் பகையாகும்; இழை மஞ்சளித்து வலுவிழக்கும். பாவின்மீது வெயில் விழலாகாதென்று நெசவாளர் சன்னலைச் சாத்துவதும் காரணமற்றதன்று. ஆனால், அதனால் காற்றும் அடைபட்டுப் போகிறது. வெயில் குறைவாகப் படும் வடபுறச் சுவரில் சன்னலும், எதிர்ச்சுவரில் கூரையையொட்டிக் காற்றுத் துளைகளும் அமைப்பின், பட்டும் கெடாது, காற்றும் மாறும். கொத்தனார் கூலியோடு முடியும் வேலை இது.

நோயாளியை வீட்டைவிட்டு அகற்றவேண்டுமோ என்று அஞ்சுவோரும் உளர். 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்துண்டோரையும் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டோரையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குத் தனியே அதிக ஆபத்து நேரவில்லை என்று அவ்வாய்வு காட்டிற்று. முறையாக மருந்துண்பவர் நோயைப் பரப்புவது விரைவில் குறைந்துவிடுகிறது. எனவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமுவோரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவதே உறுப்பினர்களின் முதல் வேலை. அரசு மருத்துவ நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

விளக்குக்கு ஏற்ற இடம், பலரும் வந்து காத்திருக்கும், கூரை உயர்ந்த மருத்துவமனைக் கூடமாகும். அங்கும் கதிரின் அளவைக் கருவியால் சோதிக்கவும், குழாயில் படியும் தூசியைத் துடைக்கவும், ஒளி மங்கியதும் மாற்றவும் பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் இருத்தல் வேண்டும்.