பாதியில் நிற்கும் காப்பி: எந்த வழியில் அனுப்பலாம்?

போட்டோ ஸ்டூடியோ, அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ் என்று நாலைந்து கம்ப்யூட்டர்கள் ஒரே ஷேர் ஃபோல்டரை நம்பி ஓடும் எல்லா இடத்திலும் இந்தப் புலம்பல் உண்டு: "நேற்று நன்றாகத்தான் போனது, இன்றைக்குப் பாதியில் நிற்கிறது." உடனே வேறு சாஃப்ட்வேர் தேட ஆரம்பிப்பார்கள். தேடலாம். ஆனால் கோளாறு கேபிளில் இருந்தால், புதிதாக வருவதும் அதே இடத்தில்தான் போய் நிற்கும்.

எனவே முதலில் காப்பி ஆகும் வேகத்தைக் கவனியுங்கள். ஜிகாபிட் நெட்வொர்க்கில் பெரிய ஃபைல் ஒன்று நொடிக்கு 110 எம்பி அளவில் போக வேண்டும். 11 எம்பியைத் தாண்டவே மாட்டேன் என்றால், இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஜிகாபிட்டுக்கு கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நாலு போதும். நாற்காலிச் சக்கரம் ஏறி மீதி நாலில் ஒரு கம்பி விட்டுப்போனால் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஐம்பது, எட்டு, முப்பது என்று வேகம் அலைந்தால் வைஃபையைச் சந்தேகியுங்கள். முதல் சில ஜிபி பறந்துவிட்டு அப்புறம் தவழ்ந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இந்தக் குணம் உண்டு. ஐபெர்ஃப் 3 என்ற இலவசக் கருவி டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளந்து சொல்லும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் மட்டும் ஏற மறுத்தால், ரவுட்டரில் செருகிய பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருக்கும். அதற்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமே இல்லை.

இதையெல்லாம் சரிபார்த்த பிறகும் இணைப்பு அவ்வப்போது விட்டுப்போகிறதா? அப்போதுதான் எதைக் கொண்டு காப்பி செய்வது என்ற கேள்வி வருகிறது. வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அறுந்தபின் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள்.

மவுஸால் இழுத்துப் போடுவது பத்து இருபது ஃபைலுக்குச் சரி. நடுவில் அறுந்தால் அந்த ஃபைலைப் பெரும்பாலும் முதலிலிருந்துதான் அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களில் எது போனது, எது விட்டது என்ற கணக்கும் மிஞ்சாது. அதைவிட ஆபத்து, காப்பிக்குப் பதில் 'கட்' செய்து ஒட்டுவது. தகராறு செய்யும் நெட்வொர்க்கில் அதைச் செய்யவே கூடாது.

எல்லாம் விண்டோஸ் என்றால் என் தேர்வு ரோபோகாப்பி. விஸ்டா காலம் முதல் விண்டோஸுடனேயே வருகிறது, காசு கிடையாது. 'இஸட்' என்ற ஸ்விட்சைச் சேர்த்தால் ஒரு ஃபைல் பாதியில் நின்ற இடத்திலிருந்து தொடரும். லாக் எழுதச் சொன்னால் ஒவ்வொரு ஃபைலின் கதியும் பதிவாகும். ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். சொல்லாமல் விட்டால், திறக்க முடியாத ஒரு ஃபைலுக்காக அது 30 நொடிக்கு ஒரு தடவை வீதம் பத்து லட்சம் தடவை முயலும். கணக்குப் போட்டால் பதினோரு மாதத்துக்கு மேல்! எத்தனை தடவை என்று சொல்லும் 'ஆர்' ஸ்விட்சுக்கு 3, எத்தனை நொடி இடைவெளி என்று சொல்லும் 'டபிள்யூ'வுக்கு 5 என்று கொடுத்து அடக்குங்கள். இன்னொன்று 'எம்ஐஆர்'. மூலத்தில் இல்லாததைச் சேரும் இடத்தில் அழித்துவிடும் ஸ்விட்ச் அது. அவசரத்தில் இரண்டு ஃபோல்டரையும் மாற்றி அடித்தால் போனது போனதுதான்.

லினக்ஸ் அல்லது நாஸ் பெட்டி (நெட்வொர்க்கிலேயே செருகும் சேமிப்புப் பெட்டி) இருந்தால் ஆர்சிங்க். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்டது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும், அனுப்பியதைச் சரிபார்க்கும். ஆனால் பலர் ஷேர் ஃபோல்டரைத் தங்கள் கம்ப்யூட்டரில் மவுண்ட் செய்துவிட்டு அதன்மேல் ஆர்சிங்கை ஓட்டுகிறார்கள். அப்போது இரண்டு பக்கமும் உள்ளூர் டிஸ்க் என்றே அது நினைக்கும். மாறிய ஃபைலை முழுசாகத்தான் அனுப்பும். நாஸில் உள்ள ஆர்சிங்கோடு எஸ்எஸ்ஹெச் வழியாக நேராகப் பேசவிடுங்கள்.

வெளியூரிலிருந்து அனுப்புவதற்கு ஃபைல்ஸில்லா, வின்எஸ்சிபி போன்றவற்றில் எஸ்எஃப்டிபி போதும். விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்காக ஷேர் ஃபோல்டரின் 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த வாசல் வழியாகத்தான். அது பயன்படுத்திய ஓட்டை, ஷேர் ஃபோல்டர் பேசும் மொழியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1இல் இருந்தது. பழைய நாஸுக்காக அதை மறுபடி இயக்கச் சொல்பவர்களையும் கேட்காதீர்கள்.

1 டெராபைட் அனுப்ப 11 எம்பி வேகத்தில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எந்த வழியில் அனுப்பினாலும், திரும்பக் கிடைக்காத ஃபைல்களுக்கு இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ 256 ஹேஷ் எடுத்து ஒப்பிட்டபின் மெமரி கார்டை அழியுங்கள். ரோபோகாப்பி அளவையும் தேதியையும்தான் பார்க்கும், உள்ளடக்கத்தை அல்ல. விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் ஹேஷ் எடுத்துத் தரும். வழியில் கெடும் பிட்டுகளை டிசிபியே பெரும்பாலும் கண்டுபிடித்துத் திரும்பக் கேட்டு வாங்கிவிடும். ஆகவே ஒரே ஃபைலுக்கு ஒவ்வொரு காப்பியிலும் வேறு வேறு ஹேஷ் வந்தால் கேபிளை விட்டுவிட்டு, அன்று இரவே விண்டோஸின் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிட்டு ரேமைச் சோதித்துவிடுங்கள்.