மாற்றுத்திறனாளி அட்டை வாங்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுக் கிளம்பு

வீட்டுக்காரருக்கோ அப்பாவுக்கோ பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரி பில் கட்டி, ஒருவழியா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. மருந்து, பிசியோதெரபி, சமையல், பிள்ளைங்க ஸ்கூல்னு நீ ஓடிட்டிருக்கே, தெரியும். ஆனாலும் மாற்றுத்திறனாளி அட்டையை "அப்புறம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடாதே. "நாலு பேர் என்ன நினைப்பாங்க"ன்னு கூச்சப்படவும் செய்யாதே. அந்த நாலு பேர் உன் வீட்டு மருந்துச் செலவைக் கட்டப் போறதில்லை. உதவித்தொகை, ரயில் சலுகை, வருமான வரிக் கழிவு எல்லாத்துக்கும் முதல்ல கேக்கறது யு.டி.ஐ.டி.ங்கற இந்த அட்டையைத்தான்.

1. ரொம்பச் சீக்கிரமும் போகாதே. பக்கவாதம் மாதிரி நரம்பு சம்பந்தமான பாதிப்புக்குப் பொதுவா ஆறு மாசம் கழிச்சுத்தான் ஊனத்தை அளப்பாங்க. கை கால் கொஞ்சம் தேறலாம்னு அந்த அவகாசம். டிஸ்சார்ஜ் ஆன மறுவாரமே ஆட்டோ வச்சுத் தூக்கிட்டுப் போனா, திருப்பி அனுப்புவாங்க, அலைச்சல்தான் மிச்சம். அந்த ஆறு மாசத்துல ஒரு ஃபைல் போடு. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், பிசியோ சீட்டு எல்லாம் தேதி வரிசையில இருக்கணும். ஒரிஜினலைக் காட்டு, ஜெராக்ஸைக் கொடு. ஒரிஜினலை யார் கேட்டாலும் விட்டுட்டு வராதே.

2. பேர், இனிஷியல், பிறந்த தேதி. ஆதார்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு, டிஸ்சார்ஜ் சம்மரியில ஒண்ணுன்னு இருந்தா முதல்ல அதைச் சரிபண்ணு.

3. விண்ணப்பம் இலவசம். ஸ்வாவலம்பன் இணையதளத்துல நீயே போடலாம். வராதுன்னா இ-சேவை மையத்துல அவங்க கட்டணத்தைக் கொடுத்துப் போட்டுக்கோ. சொந்த மாவட்ட அரசு மருத்துவமனைதான்னு கட்டாயம் இல்லை. இந்தப் பாதிப்புக்குச் சிகிச்சை எடுத்த மருத்துவமனையில சான்று தர்ற அதிகாரம் இருந்தா அங்கேயும் கேக்கலாம். "பர்சன்டேஜ் ஏத்தித் தர்றேன்"னு வாசல்ல ஒருத்தர் வந்து நிப்பார். பத்து பைசா கொடுக்காதே.

4. நோய் பேரைச் சொன்னா மட்டும் அட்டை வராது. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை ஊனம் இருக்கு. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு ரெண்டும் அந்தப் பட்டியல்ல இல்லை. அதைக் கேட்டுட்டு மனசு விட்டுடாதே. புற்றுநோய்க்காகக் காலை எடுத்திருந்தா அது உடல் இயக்கக் குறைபாடு. குரல்வளையை எடுத்திருந்தா பேச்சுக் குறைபாடு. நோயால இப்ப எது முடியலையோ அதைச் சொல்லி விண்ணப்பம் போடு.

5. மருத்துவக் குழு முன்னால மறைக்காதே. இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. டாக்டர் "எப்படி இருக்கீங்க?"ன்னதும், "நல்லாயிருக்கேன் சார்"னு நிமிர்ந்து உட்காருவாரு உன் வீட்டுக்காரர். வீட்டுல பத்தடி நடக்கச் சுவத்தைப் பிடிக்கிறவர், அங்கே வீம்புக்கு நாலு எட்டு நடந்து காட்டுவாரு. முதல் நாள் ராத்திரியே பக்கத்துல உட்கார்ந்து எடுத்துச் சொல்லு. ஒரு தாள்ல எழுதியும் வச்சுக்கோ: சட்டைப் பட்டனை யார் போட்டு விடறாங்க? வேட்டியை ஒரு கையால சுத்திக்க முடியுதா? தோசையை அவரே பிய்க்கிறாரா, நீ பிய்ச்சுப் போடறியா? பாத்ரூம்ல உட்கார்ந்தா எழுந்திருக்க யார் கை கொடுக்கறாங்க? எத்தனை தடவை விழுந்திருக்கார்? பொய் சொல்லச் சொல்லலை. தினமும் நடக்கறதை நடக்கற மாதிரியே சொல்லுன்னுதான் சொல்றேன்.

   இன்னொண்ணு. பேச்சு குளறுதுன்னா, வார்த்தை வராம அவர் திணறும்போது நீ எடுத்துக் கொடுக்காதே. உனக்குப் பாசம் தாங்காது, சரி. ஆனா நீயே எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டா, பேச்சு போனது டாக்டருக்கு எப்படித் தெரியும்? கை காலோட சேர்த்துப் பேச்சையும் பதிவு பண்ணச் சொல்லு. ரெண்டையும் அப்படியே கூட்ட மாட்டாங்க, அதுக்குத் தனிக் கணக்கு இருக்கு. 50 சதவீதமும் 30 சதவீதமும் சேர்ந்தா 63 பக்கம்தான் வரும். ஆனா அந்தப் 13 சில வாசலைத் திறக்கும்.

6. மூணு எண்ணை மனசுல வை: 40, 75, 80. 40-க்குக் கீழே போனா அட்டை கிடைச்சாலும் பெரும்பாலான சலுகை கிடையாது. 40-ஓ அதுக்கு மேலயோ இருந்தா நம்ம அரசு சாதாரண நகரப் பேருந்துல அவருக்கும் துணைக்கு வர்ற உனக்கும் டிக்கெட் இல்லை. பழைய வரி முறையில இருந்தா 75,000 ரூபாய் கழிவு. 80-ஓ அதுக்கு மேலயோ இருந்தா 1,25,000. தமிழ்நாட்டுல 75-ஓ அதுக்கு மேலயோ கடும் பாதிப்புன்னா மாசம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனு கொடு. அங்கே முடியலைன்னா, வசதியில்லாத குடும்பத்துக்கு வருவாய்த் துறை ஓய்வூதியம் இருக்கு. அதுக்குத் தாசில்தார் அலுவலகம். ரெண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

7. ரயில் படிவத்தை மருத்துவக் குழுவைப் பார்க்கற அன்னிக்கே நிரப்பிக்கோ. யு.டி.ஐ.டி. அட்டையை மட்டும் நீட்டினா ரயில் சலுகை கிடைச்சுடாது. ரயில்வேக்குன்னு தனிச் சான்றுப் படிவம் இருக்கு. துணையில்லாம பயணம் செய்ய முடியாதவர்னு அரசு டாக்டர் அதுல எழுதணும். படிவத்தைக் கையோட கொண்டு போய், அதே நாள்ல கையெழுத்தும் முத்திரையும் வாங்கு. ஸ்லீப்பர், மூணாம் வகுப்பு ஏ.சி. ரெண்டுலயும் அவருக்கும் துணைக்கும் 75 சதவீதம் குறையும். புற்றுநோயாளிக்கு இந்த அட்டையே இல்லாட்டியும், சிகிச்சைக்குப் போய்வர ரயில்ல தனிச் சலுகை இருக்கு. அதையும் கேட்டு வாங்கு.

8. ராஜினாமா எழுதிக் கொடுக்காதே! இதைக் கத்தியே சொல்றேன். அரசு வேலையில இருக்கும்போது ஊனம் வந்தா, வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாதுன்னு அதே 2016 சட்டத்தோட 20-ஆவது பிரிவு சொல்லுது. பழைய வேலை முடியலைன்னா அதே சம்பளத்துல வேற வேலை கொடுக்கணும். அதுவும் இல்லைன்னா, பொருத்தமான இடம் வர்ற வரைக்கும் கூடுதல் பணியிடம் உண்டாக்கி வச்சிருக்கணும். "நீங்களே எழுதிக் கொடுத்துட்டா மரியாதையா இருக்கும்"னு யாராவது இனிக்கப் பேசினா, பேனாவைத் தொடாதே. எழுதிக் கொடுத்துட்டா அந்தப் பாதுகாப்பு போச்சு. தனியார் வேலைன்னா இ.எஸ்.ஐ. இருக்கான்னு பாரு. பக்கவாதம், புற்றுநோய் மாதிரி 34 நீண்டகால நோய்களுக்குச் சராசரிச் சம்பளத்துல 80 சதவீதம், அதிகபட்சம் ரெண்டு வருஷம் வரை தர்ற ஏற்பாடு இருக்கு. வேலையில இருக்கும்போதே நிரந்தரமா முழுசா முடங்கிட்டா, பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்துல ஊன ஓய்வூதியமும் உண்டு. பத்து வருஷ சர்வீஸ் வேணும்னு யாராவது சொன்னா நம்பாதே, அது இதுக்கு இல்லை.

9. கையெழுத்து மாறிப்போச்சா? வலது கை விழுந்தவர் பழைய கையெழுத்தையே போட்டுப் பார்ப்பார், செக் திரும்பி வரும். அதுக்காக நீ அவர் கையெழுத்தைப் போட்டுடாதே, பெரிய வம்பு. கைநாட்டோ கால் விரல் ரேகையோ வச்சுப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியே வழி சொல்லியிருக்கு. ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பொறுப்பான வங்கி அலுவலரா இருக்கணும். மேனேஜரைப் பார்த்துப் பேசு. உதவித்தொகை வர்றதுக்கு முன்னாடியே இதை முடிச்சுடு.

10. பார்க்கிங். சக்கர நாற்காலி படம் போட்ட இடம் வாசலுக்குப் பக்கத்துல, மத்த இடத்தைவிட அகலமா இருக்கும். விதிப்படி 3.6 மீட்டர். கதவை முழுசாத் திறந்து நாற்காலியைப் பக்கத்துல நிறுத்தணும்ல, அதுக்குத்தான். செக்யூரிட்டி மறிச்சா சண்டை போடாதே, அட்டையைக் காட்டு. அட்டை எப்பவும் கார்லயே இருக்கட்டும். கார் அவர் பேர்ல இருந்தா, ஆர்.சி.யில உரிமையாளர் வகையை மாற்றுத்திறனாளின்னு பதிவு பண்ண 2020-லிருந்தே வழி இருக்கு. நீ மட்டும் தனியா மளிகை வாங்கப் போற அன்னிக்கு அந்த இடத்துல வண்டியை விடாதே. வேற ஒருத்தி அவ அப்பாவோட வந்து சுத்திக்கிட்டு நிப்பா.

11. சதவீதம் குறைஞ்சு வந்தா அங்கேயே அழுதுட்டு வராதே. மறுத்தா காரணத்தை எழுத்துல தரணும், கேளு. 90 நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம். அட்டை கைக்கு வந்ததும் பேர், சதவீதம், ஊனத்தோட வகையைப் படிச்சுப் பாரு. "தற்காலிகம்"னு இருந்தா முடியற தேதியை அடுப்படி காலண்டர்ல குறிச்சு வை. மறு பரிசோதனைக்கு மூணு மாசம் முன்னாடியே போடு, தேதி தாண்டினா வந்துட்டிருக்கற பணம் நின்னுடும்.