தெருவில் நிற்கும் பிள்ளைக்குச் சில்லறை மட்டும் போதுமா?

 



ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வருகிறீர்கள். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறுவன் கை நீட்டுகிறான். எட்டு, ஒன்பது வயதிருக்கும். சட்டைப் பையைத் துழாவிப் பத்து ரூபாய் கொடுக்கிறீர்கள். ஸதகா செய்துவிட்ட நிம்மதியோடு வண்டியை எடுக்கிறீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே சிறுவன், அதே இடம், அதே பத்து ரூபாய்.

மிம்பரில் நின்று பேசும் நானும் பல ஆண்டுகள் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் தொழுகை முடிந்து வந்த ஒரு பெரியவர், "ஹஜ்ரத், தினமும் வாசலில் நிற்கிறானே, அந்தப் பையன் பேர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை அவன் கையில் காசு வைத்திருக்கிறேன். ஒரு முறைகூட அவன் பெயரைக் கேட்டதில்லை. அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம்தான் இந்த உரைக்குக் காரணம்.

முதலில் கண்ணியம், பிறகு உணவு

அல்ஃபஜ்ர் அத்தியாயத்தில் அல்லாஹ் ஒரு சமுதாயத்தைக் கண்டிக்கிறான். அந்தக் கண்டனத்தின் வரிசையைக் கவனியுங்கள். ஏழைக்கு உணவளிக்க நீங்கள் ஒருவரையொருவர் தூண்டுவதில்லை என்பது 18-வது வசனத்தின் கருத்து. அதற்கு முன்பே, 17-வது வசனத்தில், அநாதையை நீங்கள் கண்ணியப்படுத்துவதில்லை என்று கண்டிக்கிறான். அங்கே வரும் சொல் "இக்ராம்" என்ற வேரிலிருந்து வந்தது. விருந்தாளிக்கு நாம் செய்யும் மரியாதைக்கும் அதே சொல்தான்.

சோறு போடுவது மட்டும் போதும் என்றிருந்தால் கண்ணியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வயிறு நிறைந்த பிறகும் ஒரு குழந்தைக்கு ஒன்று குறைகிறது. தன் பெயரைத் தெரிந்த ஒரு பெரியவர், நாளைக்கும் தன்னைத் தேடக்கூடிய ஓர் ஆள் அதற்குத் தேவை. தெருப் பிள்ளைக்கு இல்லாமல் போனது அதுதான்.

பாதையில் தாயை இழந்த ஆறு வயதுச் சிறுவர்

நம் நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில், மதீனாவிலிருந்து மக்காவுக்குத் திரும்பும் வழியில், அப்வா என்ற இடத்தில் தாயார் ஆமினாவும் மறைந்தார்கள். பாலைவனப் பாதை. தாயை மண்ணில் வைத்துவிட்டு நிற்கும் ஆறு வயதுக் குழந்தை. அந்தக் கையைப் பிடித்து மக்காவரை கொண்டுவந்து பாட்டனாரிடம் சேர்த்தவர் உம்மு ஐமன் என்ற பணிப்பெண். அவரிடம் செல்வம் இல்லை, குலப் பெருமை இல்லை. ஆனால் கையை விடவில்லை. பிற்காலத்தில் நபியவர்கள் அவரைத் தம் தாய்க்குப் பின் தாய் என்று சொல்லிப் போற்றினார்கள்.

எட்டு வயதில் பாட்டனாரும் மறைந்தார்; அபூதாலிப் பொறுப்பேற்றார். அள்ளுஹா அத்தியாயத்தில் அல்லாஹ் இதைத்தான் நினைவூட்டுகிறான்: உம்மை அநாதையாகக் கண்டு புகலிடம் தரவில்லையா என்று கேட்டுவிட்டு, அநாதையை அடக்கி ஒடுக்க வேண்டாம், கேட்டு வருபவரை விரட்ட வேண்டாம் என்று கட்டளையிடுகிறான். பள்ளிவாசல் வாசலில் பிள்ளைகளைக் குச்சியைக் காட்டி விரட்டுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஸைத் (ரலி): சந்தையில் விற்கப்பட்ட சிறுவர்

இன்னொரு பிள்ளையைப் பாருங்கள். தாயோடு உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில் கொள்ளையரிடம் சிக்கி, உக்காழ் சந்தையில் விற்கப்பட்டவர் ஸைத் பின் ஹாரிஸா (ரலி). இன்று இதை நாம் குழந்தைக் கடத்தல் என்கிறோம். அவர் நபியவர்களின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பிறகு தந்தையும் சிறிய தந்தையும் தேடிக் கண்டுபிடித்து, மீட்புப் பணத்தோடு மக்கா வந்தார்கள். நபியவர்கள் பணம் பேசவில்லை. முடிவை ஸைதிடமே விட்டார்கள். அவர் நபியவர்களோடு இருப்பதைத் தேர்ந்தெடுத்தார். அன்று "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கப்பட்ட அந்த ஸைத்தான், ஹிஜ்ரி 8-ல் முஃதா போருக்குத் தளபதியாகச் சென்றார்.

இதில் நமக்குப் பாடம் உண்டு. பிள்ளைக்கு உதவுகிறவர் பிள்ளையிடம் கேட்க வேண்டும். "இவனுக்கு இதுதான் நல்லது" என்று நாமாகவே முடிவு செய்து பிடித்து அடைத்தால், அவன் மறுநாள் மதிலேறிக் குதித்துத் தெருவுக்கே திரும்பிவிடுவான்.

ஃபிக்ஹ் நூல்களில் ஒரு தனிப் பாடம்

ஆதரவின்றிக் கிடக்கும் குழந்தைக்கு "லகீத்" என்று பெயர். நம் ஃபிக்ஹ் நூல்களில் இதற்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் அக்குழந்தையை எடுத்துப் பாதுகாப்பது ஃபர்ளு கிஃபாயா. ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. ஹனஃபி மத்ஹபில் அது விரும்பத்தக்கது. குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்றால் ஃபர்ளு. கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் இப்படி ஒரு குழந்தையைக் கொண்டுவந்தபோது, அது சுதந்திரமானது என்றும், அதன் செலவு அரசைச் சேர்ந்தது என்றும் தீர்ப்பளித்தார்கள். எடுத்தவர் பராமரித்தார், செலவைப் பைத்துல்மால் ஏற்றது. தனி மனிதரின் இரக்கமும் சமுதாயத்தின் நிதியும் ஒன்றாகச் சேர்ந்தன. இன்று நமக்கு வேண்டியதும் அந்தச் சேர்க்கைதான்.

இன்று நடப்பது என்ன?

பிள்ளைகள் சும்மா வீட்டை விட்டு ஓடுவதில்லை. தகப்பனின் குடி, அடி உதை, தாயின் மரணம், கடன், சில சமயம் வீட்டுக்குள்ளேயே நடக்கும் கொடுமை. இவற்றிலிருந்து தப்பி ரயிலேறுகிறார்கள். பெரிய ரயில் நிலையத்தில் இறங்கிய முதல் சில மணி நேரம் மிக முக்கியம். நல்லவர் முந்தினால் பிள்ளை பிழைக்கும். தரகர் முந்தினால் பட்டறைக்கோ, பிச்சைக்கோ, அதைவிட மோசமான இடத்துக்கோ போய்விடும். பசியை மறக்க ஒயிட்னர் முகரும் பழக்கமும் தொற்றிக்கொள்கிறது.

நாம் கொடுக்கும் காசு பல நேரங்களில் அந்தப் பிள்ளையின் பின்னால் இருப்பவரிடம் போகிறது. குழந்தையைப் பிச்சைக்குப் பயன்படுத்துவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அப்படியானால் பிள்ளையை விரட்டுவதா? கூடாது. காசுக்குப் பதில் உணவைக் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், பெயரைக் கேளுங்கள்.

இந்தப் பிள்ளைகளின் திறமையைக் குறைவாக எண்ணவும் வேண்டாம். டெல்லியில் தெருப் பிள்ளைகளும் உழைக்கும் பிள்ளைகளும் சேர்ந்து 2003 முதல் "பாலக்நாமா" என்ற செய்தித்தாளை நடத்துகிறார்கள். செய்தி சேகரிப்பதும் அவர்களே. அதே டெல்லியில் தங்கள் சிறு சம்பாத்தியத்தைச் சேமிக்க அவர்களே நிர்வகிக்கும் வங்கியும் உண்டு. பெரியவர்கள் செய்தது, பக்கத்தில் நின்று நம்பியதுதான்.

நம் ஜமாஅத் என்ன செய்யலாம்?

ஒன்று: தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால் 1098-க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான இந்த இலவச உதவி எண் 24 மணி நேரமும் இயங்கும். 1996-ல் மும்பையில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. ரயிலில் கண்டால் 139-க்கும் அழைக்கலாம். உதவி வரும்வரை பிள்ளையோடு இருங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அது அவனுடைய மானம்.

இரண்டு: இரக்கப்பட்டு நேராக வீட்டுக்கு அழைத்துச் சென்று வைத்துக்கொள்ளாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். எங்கோ ஒரு தாய் அவனைத் தேடிக்கொண்டிருக்கலாம். பிள்ளைகளைத் தந்தையின் பெயரால் அழையுங்கள் என்று அல்அஹ்ஸாப் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அவனுடைய வேரை அறுக்க நமக்கு உரிமை இல்லை. அவன் எந்த மதம் என்று பார்க்கவும் வேண்டாம், அவன் மதத்தை மாற்றவும் வேண்டாம்.

மூன்று: பெண்களும் இடம்பெறும் ஒரு சிறு குழுவை ஜமாஅத் நியமிக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஆள் பொறுப்பு. இல்லத்தில் சேர்ந்த பிறகும், நிர்வாகத்தின் அனுமதியோடு, மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

நான்கு: மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் வீடில்லாத தோழர்கள் தங்கிக் கல்வி கற்றார்கள். அஹ்லுஸ் ஸுஃப்ஃபா என்றார்கள் அவர்களை. அபூஹுரைரா (ரலி) அங்கிருந்து எழுந்தவர். நம் மக்தப் கட்டடம் மாலையில் பூட்டித்தானே கிடக்கிறது? நடைபாதையில் குடும்பத்தோடு வாழும் பிள்ளைகளுக்கு அங்கே பாடம் சொல்லித் தரலாம். 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி 2009-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. வயதுச் சான்று இல்லை என்று பள்ளி மறுக்க முடியாது. கூடப் போய்ச் சேர்த்துவிட ஓர் ஆள்தான் தேவை.

ஐந்து: பிள்ளை ரயிலேறுவதற்கு முன்பே நம் மஹல்லாவைப் பாருங்கள். கணவனை இழந்த பெண், குடிகாரத் தகப்பன் உள்ள வீடு, திடீரென்று பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளை. பைத்துல்மாலின் முதல் பார்வை அங்கே விழ வேண்டும்.

சகோதரர்களே! அநாதையைப் பொறுப்பேற்பவர் சுவனத்தில் தம்மோடு இரு விரல்களைப் போல நெருங்கி இருப்பார் என்று நபி (ஸல்) அவர்கள் விரல்களைக் காட்டிச் சொன்னார்கள். அந்த நெருக்கம் பொறுப்பேற்பவருக்கு. பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது பொறுப்பேற்பு ஆகாது.

வருகிற வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை வாசலில் நிற்பான். குனிந்து, அவன் பெயரைக் கேளுங்கள். மற்றவை அங்கிருந்து தொடங்கட்டும்.

யா அல்லாஹ்! புகலிடம் இல்லாத பிள்ளைகளுக்கு எங்கள் வழியாகப் புகலிடம் தருவாயாக! எங்கள் இதயங்களின் கடினத்தை நீக்குவாயாக! கொடுத்த கையோடு நின்றுவிடாமல், பிடித்த கையை விடாதவர்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.