அம்பிளிக்கைப் பக்கத்துத் தாய்மார் தந்த பாடம்

நம் வீடுகளில் தாய்மார் தங்கள் தலைவலியைக் கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. அடிவயிற்றுக் கோளாறையோ சொல்லவே மாட்டார்கள். மாதவிடாய் நின்று பல வருஷமான பின் மறுபடி இரத்தம் காண்கிறது. "உடம்புச் சூடு" என்று மோரைக் குடித்துவிட்டுக் களையெடுக்கப் போய்விடுகிறார்கள். வலி பொறுக்கமாட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கருப்பை வாயில் தோன்றிய புற்று பக்கத்து உறுப்புகளையும் பற்றியிருக்கும். வசதியுள்ள பட்டணத்துப் பெண்ணுக்கும் இதே வியாதிதான் வருகிறது. ஆனால் அவளுக்கு அது முளையிலேயே தெரிந்துவிடக்கூடும். கூலிக்காரிக்கு முற்றிய பிறகே தெரிகிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க வழியுண்டா என்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஆராய்ந்து பார்த்தார்கள். அதைக் குடும்பத்தார் எல்லாரும் அறிந்திருப்பது நலம்.

முதலில் வியாதியின் போக்கைச் சொல்லிவிடுவோம். எச்.பி.வி. என்னும் ஒருவகை வைரஸ் கிருமி கருப்பை வாயில் நெடுங்காலம் தங்குவதால் இது உண்டாகிறது. தங்கியவுடனே புற்றாகிவிடாது; பெரும்பாலும் 15, 20 வருஷம் பிடிக்கும். இடையிலே புற்றுக்கு முந்திய மாறுதல் ஒன்று உண்டு. அந்த நிலையில் வலியுமில்லை, அடையாளமுமில்லை. ஆனால் எளிதாகக் குணப்படுத்தலாம்.

அதைக் கண்டறியும் முறையோ மிகச் சாமானியமானது. ஊறுகாய்க்கு ஊற்றுகிறோமே, வினிகர் என்னும் காடி, அதிலுள்ள அசெட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து, பஞ்சினால் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பார்த்திருப்பார்கள். கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். பழகிய நர்ஸ் ஒருத்தி போதும். வெள்ளை தெரிந்தால் மேலும் சோதித்து, அவ்விடத்தைக் கடுங்குளிரால் உறையவைத்து அழித்துவிடலாம்.

ஒட்டன்சத்திரத்துக்கு அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவ நிலையத்தார், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தாரோடும், பிரான்சு தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரோடும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டில் இவ்வேலையைத் துவக்கினார்கள். மாவட்டத்துக் கிராமங்களை 114 தொகுதிகளாக வகுத்து, 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். மற்ற 57இல் வழக்கமான வைத்தியமே நடந்தது. அதன் முடிவு 2007இல் லண்டன் லான்செட் பத்திரிகையில் வெளியாயிற்று. அழைக்கப்பட்ட ஊர்களில் இப்புற்று நூற்றுக்கு 25 பங்கும், அதனால் வரும் சாவு 35 பங்கும் குறைந்திருந்தன. 30க்கும் 39க்கும் இடைப்பட்ட வயதினரில் சாவு மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததாம். சின்னக் குழந்தைகளின் தாய்மார் இவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

காடி எல்லா ஊரிலும் கிடைக்கிறது. கஷ்டமெல்லாம் பெண்களை வரச் செய்வதில்தான். அழைப்புப் பெற்றவர் 49,311 பேர். வந்தவர் 31,343 பேர். ஏறக்குறைய 18,000 பேர் வரவில்லை. புற்றுக்கு முந்திய மாறுதல் இருப்பதாகத் தெரிந்த 1,874 பேரிலும் நூற்றுக்கு 72 பேரே சிகிச்சை பெற்றனர். மற்றவர்கள் ஏன் விட்டார்கள்? நம் வீட்டு நடப்பைக் கொண்டே ஊகிக்கலாம். ஒருநாள் கூலி போகும். மாமியாரைக் கேட்க வேண்டும். வலிக்காத இடத்துக்கு வைத்தியம் எதற்கு என்பார் கணவர். அந்நிய முகத்தின் முன் படுக்க வெட்கம். இவற்றுக்கெல்லாம் மருந்து வைத்தியரிடம் கிடையாது; ஊராரும் வீட்டாரும் ஆராய்ச்சிக்குக் கூட்டாளிகளாக வந்தால்தான் உண்டு.

சாவைக் கணக்கெடுப்பதற்கும் அதே கூட்டுத்தான் வேண்டும். கிராமத்தில் அநேகர் வீட்டிலேயே கண்ணை மூடுகிறார்கள். காரணம் எழுதிக்கொடுக்க வைத்தியர் இருப்பதில்லை. ஆகையால் புற்றுநோய்ப் பதிவேட்டார் வீடு தேடிப்போய் விசாரிக்க வேண்டும். துக்கத்திலிருக்கும் மகன் மனமுவந்து சொன்னால்தான் கணக்கு நேராகும். ஆராய்ச்சி என்றவுடன் கண்ணாடிக் குழாயை நினைக்கிறோம். இது திண்ணையில் நடந்த ஆராய்ச்சி.

ஒரு சங்கடத்தையும் மறைக்கலாகாது. சோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களில் 30,958 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் 92 பேர் இவ்வியாதியால் மாண்டார்கள். அவர்களுக்கும் காடியைத் தடவிப் பார்த்திருக்கக்கூடாதா என்று பிற்பாடு சிலர் வன்மையாகக் கேட்டார்கள். இம்முறை உயிரைக் காக்குமா என்பது அன்று நிச்சயமில்லை, வேறு சோதனையும் அந்த ஊர்களில் நடக்கவில்லை என்பது மறுமொழி. மறுமொழியில் நியாயம் உண்டு. ஆயினும் கேள்வி ஓய்ந்துவிடவில்லை. இரு பக்கத்துப் பெண்களுக்கும் தாங்கள் எந்தப் பக்கம், ஏன் என்று விளங்கச் சொல்லி, முடிவு தெரிந்தவுடன் அழைக்கப்படாத ஊர்களுக்கு அதன் பலனைக் கொண்டுபோய்க் கொடுப்பதே கூட்டாளிக்குச் செய்யும் மரியாதை என்பது என் அபிப்பிராயம்.

பின்னர் தமிழக அரசாங்கம் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இச்சோதனையை முன்னோடியாக நடத்தி, அப்பால் மாநிலமெங்கும் விரித்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம், காடிச் சோதனையைவிட, கிருமியையே கண்டுபிடிக்கும் எச்.பி.வி. சோதனை மேலானது என்று அறிவித்தது. அதற்கு வேண்டிய மாதிரியைப் பெண் தானே, தன் வீட்டிலேயே, ஒருவர் கண்ணிலும் படாமல் எடுத்துக் கொடுக்கலாம். அன்று வராமற்போன அந்த 18,000 பேரில் எத்தனை பேர் இதற்கு இசைந்திருப்பார்களோ என்று நினைக்கத் தோன்றுகிறது.