மேசைமீது இலையுதிர்காலம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மரங்கள் ஆண்டு முழுவதும் பசுமையாகவே காட்சியளிக்கின்றன. சந்தையில் டுரியான் குவிந்தால்தான் ஒரு பருவம் வந்திருப்பதையே பலர் உணர்வர். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் நிலைமை வேறு. அங்குச் செப்டம்பர் இறுதியிலிருந்து மேப்பிள் மரங்களின் இலைகள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறி உதிரத் தொடங்கும். பரங்கிக்காய், ஆப்பிள், மக்காச்சோளம் ஆகியவற்றின் அறுவடையும் அக்காலத்தில்தான் நடைபெறும்.

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அங்கு நன்றி நவிலல் நாள். தொலைவில் வாழும் உறவினர்களும் அன்று ஒன்றுகூடி உண்பர். அந்த விருந்து மேசையின் நடுவே, அப்பருவத்தின் காய்கனிகளையும் இலைகளையும் கொண்டு ஓர் அலங்காரம் அமைப்பது பல வீடுகளில் வழக்கம்.

பரங்கிக்காயும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியவை. ஐரோப்பியர் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழங்குடியினர் அவற்றைப் பயிரிட்டனர். அவர்களுள் சில இனத்தார் சோளம், அவரை, பரங்கி மூன்றையும் ஒரே இடத்தில் நட்டு, ‘மூன்று சகோதரிகள்’ என அழைத்தனர். அவரைக்கொடி சோளத்தட்டையைப் பற்றி ஏறும். பரங்கியின் அகன்ற இலைகள் மண்ணின் ஈரத்தைக் காக்கும்.

இந்த அலங்காரத்தில் பரங்கிக்காயே பூச்சாடியாகிவிடுகிறது. அதன் மேற்பகுதியை வட்டமாக வெட்டி, விதைகளையும் நார்களையும் வழித்தெடுத்து, உள்ளே நீர் நிரம்பிய கண்ணாடிக் குவளை ஒன்றை வைப்பார்கள். நீரைக் காயினுள் நேரடியாக ஊற்றினால் சதைப்பகுதி விரைவில் அழுகிவிடும். குவளை வைத்தாலும் வெட்டிய காய் சில நாள்களே தாங்கும். ஆகவே, இவ்வேலையை விருந்துக்கு முதல் நாள் செய்வதே நல்லது. வெட்டாத காயோ காம்புடன் இருந்தால் பல வாரங்கள் கெடாது. காம்பைப் பிடித்துத் தூக்கினால் அது முறிந்துவிடும். முறிந்த இடத்திலிருந்தே அழுகலும் தொடங்கும்.

குவளையில் பெரும்பாலும் செவ்வந்திப் பூக்களே இடம்பெறும். தண்டின் நுனியைச் சாய்வாக வெட்டி, நீருக்குள் மூழ்கும் இலைகளை நீக்கிவிட வேண்டும். அவை அழுகினால் கிருமிகள் பெருகித் தண்டின் நீர்வழியை அடைத்துவிடும். பூக்களின் அருகே ஆப்பிளை அடுக்குவது அழகுதான். எனினும், பழுத்த ஆப்பிள் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுவதால் சில வகைப் பூக்கள் விரைவில் வாடக்கூடும். எனவே, ஆப்பிள்களை விருந்தினர் வரும் நேரத்தில் வைத்தால் போதும்.

இலைகளுக்குத்தான் முன்னேற்பாடு மிகுதி. விருந்து நாளுக்குள் பெரும்பாலான மேப்பிள் இலைகள் உதிர்ந்துவிடும். நிறம் மாறும்போதே இலைக்காம்பின் அடியில் தக்கை போன்ற படலம் உருவாகி நீரோட்டத்தைத் தடுப்பதால், கிளையை நீரில் நிறுத்தியும் பயனில்லை. அதனால் அக்டோபரிலேயே இலைகளைப் பொறுக்கி, செய்தித்தாள்களுக்கு இடையில் வைத்து, கனமான புத்தகங்களால் அழுத்தி உலர்த்துவார்கள். உலர்ந்த இலை எளிதில் தீப்பற்றும் என்பதால், மெழுகுவத்தியை உயரமான கண்ணாடிக் கூண்டுக்குள் ஏற்றுவது கட்டாயம்.

இத்தனை உழைப்பும் உயரத்தில் தவறினால் வீணாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பாட்டியின் முகம் பூக்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டால், எதிரில் இருக்கும் பேரன் அவரிடம் எப்படிப் பேசுவான்? இதற்கு எளிய அளவு ஒன்று உண்டு. முழங்கையை மேசைமீது ஊன்றிக் கையைச் செங்குத்தாக நிறுத்தினால், அலங்காரம் மணிக்கட்டைத் தாண்டக்கூடாது. குறுகிய மேசையில் உணவுத் தட்டுகளுக்கும் இடம் விட வேண்டும்.

சிலர் பரங்கிக்காய்க்குப் பொன்வண்ணம் பூசுவார்கள். பளபளப்புக்குக் குறைவில்லை, ஆனால், அந்தக் காய் இனிக் குப்பைக்குத்தான் போகும். வண்ணம் பூசாத முழுக்காய்கள் மறுநாள் சமையலறைக்குச் சென்று சூப்பாகின்றன. வழித்தெடுத்த விதைகளைக் கழுவி, உப்பிட்டு வறுத்தால் நல்ல நொறுக்குத்தீனி. அழகுக்காகவே வளர்க்கப்படும், புடைப்புகள் நிறைந்த சிறு சுரைகளை மட்டும் சமைக்கக்கூடாது. அவற்றின் கசப்பு உடலுக்குக் கேடு விளைவிக்கலாம். அவை வாடிய பூக்களுடனும் இலைகளுடனும் தோட்டத்து உரக்குழிக்குச் சென்றுவிடும்.