கண் பழகும் வரையில்

27 வருஷ காலம் சரக்குக் கப்பல்களில் உழைத்துவிட்டு இப்போது தூத்துக்குடியில் கரையேறி உட்கார்ந்திருக்கும் என்னிடம், சமுத்திரத்தில் கற்ற வித்தைகளுள் கிருஹஸ்த வாழ்க்கைக்கு உதவியது எது என்று யாரேனும் வினவினால், திசைகாட்டியையும் நட்சத்திரக் கணிதத்தையும் ஒதுக்கிவிட்டு, வாட்ச் என்னும் காவற்பொறுப்பை மாற்றிக்கொள்ளும் முறையைத்தான் சொல்வேன்.

மூன்றாம் அதிகாரியாகச் சேர்ந்த புதிதில், இரவு 8 மணிக்கு முதல் அதிகாரியிடமிருந்து வாட்சை ஏற்பது என் கடமை. ஒரு நாள் விளக்கொளி நிறைந்த சாப்பாட்டு அறையிலிருந்து நேரே, கப்பலைச் செலுத்தும் இடமாகிய பிரிட்ஜுக்கு ஏறி, "நான் பார்த்துக்கொள்கிறேன், சார், நீங்கள் போகலாம்" என்றேன். அவர் நகரவில்லை. வலப்பக்கம் கையை நீட்டி, "அங்கே என்ன தெரிகிறது?" என்றார். அந்தகாரத்தைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. சில நிமிஷங்கள் கழித்து அதே திக்கில் ஒரு சிவப்பு விளக்கு புலப்பட்டது; குறுக்கே வரும் கப்பல் அது, விதிப்படி விலக வேண்டியவர்களோ நாங்கள். அதற்காகக் கப்பலைத் திருப்பி, பழைய திசைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவர் கீழே இறங்கினார். திருப்பம் நடந்துகொண்டிருக்கையில் வாட்ச் கைமாறக் கூடாது என்பதும், இருளுக்குக் கண் முழுதும் பழக 20, 30 நிமிஷங்கள் செல்லுமாதலால் முன்னதாகவே வந்து ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதும் அன்றைய பாடம்.

இதை வீட்டாருக்குச் சுவையாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, வீட்டில் அனுஷ்டிக்கத் தெரியவில்லை. பத்து மாதப் பிரயாணம் முடிந்து திரும்பிய மறுநாளே, தட்டு வழுக்காதிருக்க மேஜை விரிப்பை நனைத்து, ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் யாரும் குளிக்கலாகாதென்று குழந்தைகளுக்கு உத்தரவிட்டு, பால் கணக்கில் தினமும் ஓர் உழக்கு அதிகமிருப்பதைக் கண்டுபிடித்து அதையும் நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் பிரசவித்திருந்த பெண்ணுக்காக வாங்கும் பால் அது, மாசக் கடைசியில் காசு வந்துவிடும் என்பது மறுநாள் காலையில், அவள் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. என் மனைவி கோபிக்கவில்லை. "உங்களுக்கு இன்னும் கண் பழகவில்லை; கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்றாள்.

அன்று முதல் நான் கைக்கொண்ட நியமங்கள், வெளியூரில் உத்தியோகம் பார்த்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும் பயன்படலாம். முதல் வாரம் எதையும் இடம் மாற்றாதீர்கள். யாருக்கு என்ன பாக்கி, எந்தக் குழந்தைக்கு எதில் கவலை, எந்த உறவினரோடு என்ன வருத்தம் என்று கேட்டு மட்டும் வையுங்கள். தாய் குழந்தையைக் கண்டித்துக்கொண்டிருக்கையில் நடுவே புகுந்து நியாயம் சொல்லாதீர்கள். தொடங்கியவரே அந்தத் திருப்பத்தை முடிக்கட்டும். புறப்படும்போது, நீங்கள் தொடங்கி முடிக்காத காரியங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்போது வீட்டு நிர்வாகம் மருமகள் கையில். சமையலறையில் ஏதேனும் யோசனை சொல்ல வேண்டுமென்று தோன்றினால், பழைய வழக்கப்படி கால் மணி நேரம் நிலைப்படியருகே நிற்பேன். பெரும்பாலும் அதற்குள் காபி வந்துவிடும்.